சம்மாந்துறையில் ஒரு மெஷின் கணக்கு



கண்டியிலிருந்து கிழக்கே பயணம் போயிருக்கிறீர்களா? மஹியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவுகளில் தலை சுற்றி, மகாஓயாவில் ஒரு தேநீர் குடித்து, அம்பாறையையும் தாண்டினால், மலைநாட்டில் பிறந்த என் போன்றவர்களுக்குக் கண்ணையே நம்ப முடியாது. எட்டும் தூரம் வரை வயல். வயல் முடியும் இடத்தில் வானம். அந்த வயல்களின் நடுவே இருக்கிறது சம்மாந்துறை.

அக்குறணையில் மிளகும் கராம்பும் காயவைத்துப் பழகிய எங்கள் குடும்பத்திலிருந்து என் நானா இவ்வூருக்கு மாப்பிள்ளையாக வந்தார். கிழக்கில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார் என்பது உங்களுக்குத் தெரியும். வீடு மதினியின் பெயரில். ஐந்து ஏக்கர் வயலும் மதினியின் பெயரில்.

நான் போயிருந்தது பெரும்போக விதைப்புக்கு ஒரு மாதம் இருக்கையில். வீட்டில் ஒரே பேச்சு, உழவு மெஷின். நான்கு சில்லுள்ள சிறிய புது டிரக்டர் ஒன்றில் நானாவுக்கு ஆசை. கையில் இருக்கும் காசோடு மதினியின் நகைகளையும் விற்று முற்பணம் கட்டலாம், மிச்சத்தை லீசிங்கில் போடலாம் என்பது அவருடைய திட்டம்.

மதினி சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "முதல்ல பாத்துட்டு வருவோம்" என்றார்.

மறுநாள் காலை வரம்பு வழியாக வயலைப் பார்க்கப் போனோம். மாமியும் கூட வந்தார். வாய்க்காலைக் காட்டி, "இது இங்கினியாகலைத் தண்ணி மகள்" என்றார். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் கட்டப்பட்ட சேனாநாயக்க சமுத்திரத்தின் நீர்தான் இப்பகுதி வயல்கள் பலவற்றுக்கு உயிர். மாரி மழையோடு பெரும்போகம், குளத்து நீரை நம்பிச் சிறுபோகம். ஆக, வருடத்தில் இரண்டு தரம்தான் ஒரு விவசாயி வீட்டுக்குக் காசு வரும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமி சிறுமியாக இருந்தபோது இந்த வயல்களை எருமைகள்தான் மிதித்துச் சேறாக்கினவாம். "எருமை உழுதா எருவும் தரும், பாலும் தரும், கண்டும் போடும். மெஷின் எண்ணெய் மட்டும்தான் குடிக்கும்" என்று சிரித்தார்.

மாமி விளையாட்டாகச் சொன்னதை ஒரு பெரிய பொறியியலாளரும் சொன்னார் என்றால் நம்புவீர்களா? இரண்டு சில்லுள்ள கை உழவு மெஷினை இன்றும் நாம் 'லேண்ட்மாஸ்டர்' என்கிறோமே, அதை 1950களில் வடிவமைத்தவர் நம் நாட்டவரான ரே விஜேவர்தன. இங்கிலாந்தில் உற்பத்தியாகி, பல வெப்பநாடுகளுக்கும் போன இயந்திரம் அது. ஆனால் 2010இல் காலமான அவரே, தாம் எருமையின் இடத்தில் ஓர் இயந்திரத்தை வைத்தோமே தவிர விவசாயியின் சுமையைக் குறைக்கவில்லை என்று பின்னாளில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். மண்ணைக் காக்கும் விவசாயத்தின் பக்கம் திரும்பினார். தான் செய்த பொருளையே நிறுத்துப் பார்க்க அவருக்கு மனம் இருந்தது. வாங்குகிற நமக்கு இருக்க வேண்டாமா?

பகல் அம்பாறை நகரில் ஒரு விற்பனை நிலையத்துக்குப் போனோம். பளபளவென்று வரிசையாக நின்றன மெஷின்கள். நானா ஒன்றில் ஏறி உட்கார்ந்தும் விட்டார். விற்பனை செய்யும் தம்பி மிகவும் மரியாதையானவர். "கொஞ்சக் காசு கட்டினாப் போதும் ராத்தா, மிச்சம் மாசாமாசம்தானே" என்றார்.

மதினி அமைதியாகக் கேட்டார்: "மாசச் சம்பளக்காரருக்கு அது சரி தம்பி. நாங்க நெல் வெட்டுறது வருஷத்துல ரெண்டு தரம். மத்தப் பத்து மாசமும் எதை வித்துக் கட்டுற?"

அவரிடம் பதில் இல்லை. மதினி கைப்பையிலிருந்து பிள்ளையின் பழைய பயிற்சிக் கொப்பியை எடுத்தார். இரவே கணக்குப் போட்டிருந்தார். இந்த மெஷின் ஓர் ஏக்கரை ஒரு தரம் உழ 2 மணித்தியாலம். 5 ஏக்கருக்கு மூன்று உழவு என்றால் 30 மணித்தியாலம். இரண்டு போகத்துக்கும் 60. ஒரு வருடத்துக்கோ 8,760 மணித்தியாலங்கள்.

"மத்த நேரம் கூலிக்கு விடலாமே புள்ள" என்றார் நானா.

"தண்ணி திறந்தா வட்டையில எல்லாரும் ஒரே நேரத்துலதான் உழுவாங்க. அந்த நேரம் நம்மட வயலுக்கும் மெஷின் வேணும். மத்த நேரம் யாருக்கும் வேணாம். நம்மட தெருவுல மட்டும் எத்தனை மெஷின் சும்மா நிக்கிது?"

நானா மெதுவாக இறங்கினார். அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அதே தெருவில் நடந்ததை அவரும் அறிவார். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து விளைச்சல் விழுந்தது. 2022இல் டீசலுக்கு நாள் கணக்கில் வரிசை. அடுத்த வீட்டுக்காரரின் லீசிங் மெஷின் ஓடாமல் முற்றத்தில் நின்றது. தவணையும் வட்டியும் மட்டும் நிற்காமல் ஓடின. கடைசியில் மெஷினை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த மெஷினுக்காக விற்ற அவர் மனைவியின் தாலிக்கொடி திரும்பி வரவில்லை.

என்ன முடிவானது என்று கேட்கிறீர்களா? முதல் உழவைப் பெரிய டிரக்டர் பிடித்துக் கூலிக்கு உழுவது. சேறாக்கவும் மூட்டை ஏற்றவும் புதிதாக ஒரு கை உழவு மெஷினும் பெட்டியும் வாங்குவது. சிறுபோக நெல்லின் ஸகாத்தை ஏற்கெனவே ஒதுக்கிவிட்டார்கள். மிச்சக் காசு கொஞ்சம் போதவில்லை. மதினி தாமாகவே இரண்டு காப்புகளைக் கழற்றிக் கொடுத்தார். எனக்கு ஆச்சரியம்.

"பெட்டிக்குள்ள இருக்கிற காப்பு உழாது மச்சி. ஆனா எல்லாத்தையும் குடுத்தா, பிள்ளைக்கு வருத்தம் எண்டா எதைக் குடுக்குற?" என்றார். நகையையும் அவர் பெரிதாக எண்ணவில்லை, மெஷினையும் பெரிதாக எண்ணவில்லை. வீட்டுக்கு எது எவ்வளவு வேலை செய்யும் என்று மட்டுமே பார்த்தார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பேச்சு வந்தால், அது உழவு மெஷினாக இருந்தாலும் தையல் மெஷினாக இருந்தாலும், அடுப்படியில் நின்றுவிடாதீர்கள். கூடவே போய்க் கேளுங்கள். உதிரிப்பாகம் எந்த ஊரில் கிடைக்கும்? வேலை மும்முரத்தில் பழுதானால் யார் வந்து திருத்துவார்? உத்தரவாதம் எதற்கு உண்டு, எதற்கு இல்லை? எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஓயில் மாற்ற வேண்டும்? தவணை என்றால் கட்டி முடிக்கும்போது மொத்தம் எவ்வளவு? பதிவுப் புத்தகம் யார் பெயரில்? இவற்றை எழுதி வாங்குங்கள். வெட்கப்பட எதுவும் இல்லை.

வாங்கிய பிறகு அதைப் பேணுவதும் முக்கியம். நான் புறப்பட்ட அன்று அந்தி நேரம், நானா இரும்புச் சில்லுகளில் ஒட்டிய சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். மதினி பழைய சாக்கை மடித்து இயந்திரத்தின் மேல் போட்டார். "டிரக்டர் ஆசை போயிட்டுதா நானா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்று சிரித்தார். "ஆனா ராவைக்கு நல்லா நித்திரை வருது."