டாக்காவிலிருந்து வந்த குமாஸ்தா

பேரேட்டில் எண்களை எழுதிப் பழகிய கை என்னுடையது. ஆயினும் சங்கத்து அன்பர்கள் பலமுறை கேட்டுக்கொண்டதால், என் வீட்டில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியையும், அதன் காரணமாக நான் அறிய நேர்ந்த ஒரு ஹாஸ்ய நடிகரின் வரலாற்றையும் இங்கே எழுதத் துணிகிறேன். பிழையிருப்பின் பொறுத்தருள்க.

பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம் கிடைத்து, திருவாரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கல்கத்தாவுக்கு வந்தவன் நான். வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வங்காளி மொழி ஓரளவு பேசுவேன். ஆனால் நம் நாக்குக்கு ஒரு சங்கடம் உண்டு. ‘க’ என்னும் ஓர் எழுத்தை வைத்துக்கொண்டே நாம் பல ஒலிகளைச் சமாளித்துவிடுகிறோம். வங்காளியிலோ, பாட்டுக்கும் காதுக்கும் இடையே அந்த முதல் ஒலிதான் வேற்றுமை. என் மகளின் பள்ளி விழாவில் ஆசிரியை ஒருவர் அருமையாகப் பாடினார். அவரைப் பாராட்டப் போன நான், “உங்கள் பாட்டு இனிமையாக இருந்தது” என்பதற்குப் பதிலாக, “உங்கள் காது இனிமையாக இருந்தது” என்று சொல்லிவிட்டேன். அருகிலிருந்த குழந்தைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. ஆசிரியையும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நன்றி கூறினார். என் மகள் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் மாலை அவளை அழைத்துவரச் சென்றேன். வழக்கம்போலத் தமிழில், “வாம்மா, போகலாம்” என்று கூப்பிட்டேன். அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “இங்கே மெள்ளப் பேசுங்கப்பா” என்றாள்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. குழந்தை சொன்னதற்காக அன்று. அது என்னுடைய சொல் என்பதற்காக. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, ஊரிலிருந்து முதல்முறையாக வந்திருந்த என் தாயாரைக் காளிகாட்டிலிருந்து மெட்ரோ வண்டியில் அழைத்துச் சென்றேன். பூமிக்கடியில் வண்டி ஓடுவதைக் கண்டு வியந்து, அம்மா தம் கிராமத்துக் குரலில் ஏதேதோ கேட்டுக்கொண்டே வந்தார். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் குனிந்து, “மெள்ளப் பேசும்மா” என்றேன். அம்மா அதற்குப் பிறகு இறங்கும்வரை வாய் திறக்கவில்லை. அன்று என் மடியில் நான்கு வயதுக் குழந்தையாக உட்கார்ந்திருந்தவள்தான் இந்த மகள். பாடம் சொல்லித் தரப்படாமலே பிள்ளைகள் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

எங்கள் கீழ்வீட்டில் எண்பது வயதை எட்டும் வங்காளிப் பெரியவர் ஒருவர் குடியிருக்கிறார். நான் அவரை ‘மெஸோமஷாய்’ என்று சித்தப்பா முறை வைத்து அழைப்பேன்; என் மகளுக்கு அவர் ‘தாது’, அதாவது தாத்தா. டாக்காவை அடுத்த விக்ரம்பூரிலிருந்து, தேசப் பிரிவினைக்குப் பிறகு பெற்றோரின் கைபிடித்து வந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுத் தொலைக்காட்சியில் பழைய படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. 1953-ஆம் ஆண்டில் நிர்மல் தே இயக்கிய ‘ஷாரே சுவாத்தோர்’ என்ற படம். ‘எழுபத்து நாலரை’ என்பது அதன் பொருள். உத்தம் குமாரும் சுசித்ரா சென்னும் முதன்முதலாக இணைந்து நடித்த படம் என்று நம் வீட்டுப் பெண்மணிகளுக்குத் தெரிந்திருக்கலாம். கதை நிகழ்வது ஆண்கள் தங்கும் ‘மெஸ்’ ஒன்றில். லேக் மார்க்கெட் பக்கத்தில் பிரம்மசாரியாய் அறை எடுத்துத் தங்கிய நம்மவர் எவருக்கும் அந்தக் கூச்சலும் குழப்பமும் புதிதல்ல.

அந்த மெஸ்ஸில் தங்கியிருக்கும் இளைஞர்களில் ஒருவன், கதாநாயகியின் தாயாரை ‘மாசிமா’ என்று உறவு கொண்டாடி, கூச்சமின்றி மால்புவா கேட்கிறான். மெஸோமஷாய் வீடு அதிரச் சிரித்தார். என் மகளும் சிரித்தாள். எனக்குத்தான் காரணம் விளங்கவில்லை. பெரியவர் விளக்கினார்: “உண்பேன் என்பதற்குக் கல்கத்தாக்காரன் ‘காபோ’ என்பான்; எங்கள் பக்கத்தில் ‘காமு’ என்போம். இந்த மனிதர் ‘காமு’ என்கிறார். நாங்கள் இந்நகரத்துக்கு வந்த புதிதில் அந்த ஒரு சொல்லுக்காகவே எங்களைப் ‘பாங்கால்’ என்று பரிகாசம் செய்வார்கள். இவர் அதையே வெள்ளித்திரையில் உரக்கச் சொன்னார். கல்கத்தா முழுவதும் அந்த வசனத்தைத் தானும் சொல்லிப் பார்த்தது.”

அந்த நடிகர்தான் பானு பந்தோபாத்யாய். இயற்பெயர் சாம்யமய். 1920 ஆகஸ்டில் பிறந்தவர்; ஈஸ்ட் பெங்கால் கால்பந்துக் கழகம் தோன்றியதும் அதே மாதத்தில்தான். அக்கழகத்தின் தீவிர ரசிகராகவே அவர் வாழ்ந்தார் என்பது பொருத்தமே. டாக்காவில் படித்த காலத்தில், விஞ்ஞானி சத்யேந்திரநாத் போஸின் அன்புக்குப் பாத்திரமானார். அதற்கும் முன், சிறுவயதில், புரட்சி வீரர் திநேஷ் குப்தாவைத் தம் ஆதர்சமாகக் கொண்டிருந்தார். 1930-இல் ரைட்டர்ஸ் கட்டடத்தினுள் புகுந்த மூவரில் ஒருவரும், மறுஆண்டு தூக்கிலிடப்பட்டவருமான அதே திநேஷ்தான். டல்ஹௌசி சதுக்கம் இன்று பி. பா. தீ. பாக் என வழங்குவதில் அவர் பெயரும் அடங்கியிருக்கிறது. அவ்வழியே அன்றாடம் அலுவலகம் செல்லும் நம்மவர் பலர் இதை அறியமாட்டோம்.

1941-இல் பானு கல்கத்தாவுக்கு வந்தார். செய்த வேலை என்ன தெரியுமா? இரும்பு உருக்குக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் உத்தியோகம்! பகலில் கோப்பு, மாலையில் ஹாஸ்யம். இதைக் கேட்டதும் எனக்கு நம் நாகேஷின் நினைவு வந்தது. அவரும் இரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து நாடக மேடைக்கும் திரைக்கும் போனவர் அல்லவா? வீட்டில் கன்னடம் பேசும் குடும்பத்தில் பிறந்து, தமிழ்நாட்டையே சிரிக்க வைத்தவர் அவர்.

பானுவின் ஹாஸ்யத்துக்கு ஆசான்கள் டாக்கா நகரத்துக் குதிரை வண்டிக்காரர்கள். 1943-இல் வெளியான அவருடைய முதல் நகைச்சுவை இசைத்தட்டுக்கே ‘டாக்கார் காடோயான்’, அதாவது டாக்கா வண்டிக்காரன் என்று பெயர். அந்த வண்டிக்காரர்களைப் பற்றி வழிவழியாய் வழங்கும் வேடிக்கை ஒன்றை மெஸோமஷாய் என் மகளுக்குச் சொன்னார். பெரிய மனிதர் ஒருவர் நீண்ட தூரத்துக்கு மிகக் குறைந்த வாடகை கேட்கிறார். வண்டிக்காரன் கோபிக்கவில்லை. குனிந்து அவர் காதோடு, “மெள்ளச் சொல்லுங்கள் ஐயா, குதிரைக்குக் கேட்டால் சிரிக்கும்” என்கிறானாம். பணம் இல்லாதவன், படிப்பு இல்லாதவன். ஆனால் தன் சொந்தப் பேச்சினாலேயே வென்றுவிடுகிறான்.

பானுவின் கலை முழுவதும் இதில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கோமாளி தன்னைத் தாழ்த்திக்கொண்டு பிறரைச் சிரிக்க வைப்பான். பானு தம் பேச்சைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. அவர் படங்களில் ‘பாங்கால்’ ஏமாளி அல்லன்; எதிரியை வாயடைக்கச் செய்பவன். சிரிக்கப்படுவது வேறு, சிரிக்க வைப்பது வேறு.

சிரிப்புக்குப் பின்னால் இருந்த துயரத்தையும் அவர் மறக்கவில்லை. அகதிகளின் அவலத்தைக் காட்டிய ‘நூதன் யெஹூதி’ நாடகத்தில் நடித்தார். கிழக்கு வங்கப் பேச்சு இயல்பாக வரும் பெண் ஒருத்தி அந்நாடகத்துக்குத் தேவைப்பட்டபோது, அங்கிருந்து வந்திருந்த சாவித்ரி சட்டர்ஜியைக் கண்டுபிடித்து மேடையேற்றியவர் இவரே. பிற்காலத்தில் புகழ்பெற்ற நடிகையாகி, 2014-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர் அந்த அம்மையார். எந்தப் பேச்சுக்காக ஊர் பரிகசித்ததோ, அந்தப் பேச்சே அவருக்கு வாழ்வின் வாசலைத் திறந்துவிட்டது.

1958-இல் ‘பானு பேலோ லாட்டரி’, 1971-இல் ‘பானு கோயெந்தா ஜஹர் அசிஸ்டெண்ட்’ என்று அவர் பெயரையே தலைப்பில் தாங்கிய படங்கள் வந்தன. பின்னதில் உடன் நடித்தவர் அவருடைய இணைபிரியாத் தோழர் ஜஹர் ராய். 1958-இல் வந்த ‘ஜமாலயே ஜீபந்த மானுஷ்’ படத்தில் உயிரோடு எமலோகம் சென்று எமனையே திணறடித்தார். அக்கதைதான் 1960-இல் தமிழில் ‘நான் கண்ட சொர்க்கம்’ ஆயிற்று. நம் தங்கவேலு நடித்தார். கல்கத்தாவின் சிரிப்பு நாம் வருவதற்கு முன்பே நம் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது!

இறுதிக் காலத்தில் சோதனைகள் இல்லாமலில்லை. 1960-களின் இறுதியில் வங்காள நடிகர் சங்கம் பிளவுபட்டபோது, தம் பக்கத்தை விட்டுக்கொடுக்காமல் நின்றார். பட வாய்ப்புகள் குறைந்தன. அவர் சோர்ந்துவிடவில்லை, ‘யாத்ரா’ நாடகக் குழுவோடு ஊர் ஊராகச் சென்று நடித்தார். 1983 மார்ச்சில் இந்நகரத்திலேயே காலமானார்.

இவ்வளவையும் கேட்ட பிறகு என் மகள் உடனே மாறிவிட்டாள் என்று எழுதினால் அது பொய்யாகும். பள்ளி வாசலில் நான் இன்றும் சற்று எச்சரிக்கையாகவே பேசுகிறேன். ஆனால் இந்தக் கோடை விடுமுறையில் என் தாயார் மறுபடியும் வந்திருந்தார். மெட்ரோ வண்டியில் பாட்டியும் பேத்தியும் அருகருகே அமர்ந்தார்கள். திடீரென்று என் மகள் குதிரை வண்டிக்காரன் கதையைத் தமிழில் அபிநயத்தோடு சொல்லத் தொடங்கினாள். அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வண்டியில் பலர் திரும்பிப் பார்த்தார்கள். ‘மெள்ள’ என்ற சொல் என் உதடுவரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

எதிரில் இருந்த மூதாட்டி ஒருவர், என்ன வேடிக்கை என்று வங்காளியில் கேட்டார். என் மகள் அதே கதையைத் தாது கற்றுக்கொடுத்த டாக்காப் பேச்சிலேயே சொல்ல, அவரும் சிரித்தார்.

“அவங்க ஏன்டா சிரிக்கிறாங்க? இவ என்ன சொன்னா?” என்று அம்மா தம் கிராமத்துக் குரலில் கேட்டார்.

நானும் உரக்கவே பதில் சொன்னேன்.