பனிக்குள் தொண்ணூறு நாட்கள்

"உம்மா, நீங்க வந்து பக்கத்துல இருந்தாக் காணும். வேறொண்டும் தேவல்ல" என்று மகள் தொலைபேசியில் சொன்னபோது, பின்லாந்து என்ற நாடு உலகப் படத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்று கூட எனக்குச் சரியாகத் தெரியாது. மருமகனுக்கு ஹெல்சிங்கி நகரில் வேலை. மகளுக்கு 2024 ஜனவரி நடுப்பகுதியில் பிள்ளை கிடைக்கும் என்று நாள் குறித்திருந்தார்கள். எனக்குக் கிடைத்த விசாவோ தொண்ணூறு நாட்களுக்கு மாத்திரம். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பேறு குறித்த நாளில் நடந்தாலும் நாற்பது முடியுமுன் நான் விமானம் ஏற வேண்டும். அந்தக் கணக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியபடியே 2023 நவம்பர் 20ஆம் திகதி போய் இறங்கினேன்.

கல்முனைக் கடற்கரை வெயிலில் வளர்ந்த உடம்பு இது. விமான நிலையக் கதவு திறந்ததும் முகத்தில் அறைந்த குளிரில் மூக்கு இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்த்துக் கொண்டேன். மகள் என்னைக் கட்டிப் பிடித்தாள். இருவருக்கும் நடுவில் அவளது வயிறு. அவள் போட்டிருந்த கோட் அவளுக்கு இரண்டு அளவு பெரியது. "இது இங்க கைமாறிக் கைமாறி வாற கோட் உம்மா. வயிறு பெருத்தா நம்மட கோட் பூட்டாது. பிள்ளை கிடைச்ச ஒருத்தர் அடுத்த ஆளுக்குக் குடுப்பாங்க. எனக்கு ஒரு சோமாலி ராத்தா தந்தாங்க" என்றாள்.

மூன்றேகால் மணிக்கு மஃரிப்

ஹெல்சிங்கியில் டிசம்பர் மாதத்துப் பகலைப் பகல் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். காலை ஒன்பதரை மணியளவில்தான் சூரியன் எழும். ஆறு மணித்தியாலம் கூட நிற்காது. லுஹர் தொழுது எழும்பிச் சோறு வடிப்பதற்குள் அஸர் வந்துவிடும். மூன்றேகால் மணிக்கு மஃரிப். முதல் வாரம் முழுவதும் நேரம் குழம்பி, மாலை ஆறு மணிக்கே நித்திரைக்குப் போய், நடுச்சாமத்தில் எழும்பி உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்குள்ளே குளிர் இல்லை. ஜன்னலுக்குக் கீழே சூடாக்கும் இரும்புத் தட்டு. கண்ணாடியும் இரண்டு மூன்று அடுக்கு. வெளியே போவதென்றால்தான் அரை மணி நேர வேலை. ஒன்றின் மேல் ஒன்றாக உடுப்பு, தொப்பி, கையுறை, கடைசியில் சப்பாத்துக்கு அடியில் ஆணி வைத்த இறப்பர்ப் பட்டி. பாதையில் பனி உருகி மீண்டும் உறைந்தால் கண்ணாடி போல் வழுக்கும். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு அதுதான் பெரிய பயம். கோட்டிலிருந்து ஒரு சின்னத் தகடு நூலில் தொங்கும். வாகன வெளிச்சம் பட்டால் அது பளிச்சென்று மின்னும். இருட்டில் நடப்பவர்கள் அதை அணிய வேண்டும் என்பது அங்கே சட்டம்.

டிசம்பர் 6ஆம் திகதி, 1917இல் அந்நாடு சுதந்திரம் அறிவித்த நாள். அன்று மாலை எதிர்வீட்டு ஜன்னல்களில் இரண்டிரண்டு மெழுகுதிரிகள் எரிந்தன. அது அவர்களுடைய வழக்கம். அந்த இருட்டில் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்ற மகள், "போன வருஷம் இதே நாள் நான் இந்த ஜன்னலடியிலேயே இருந்து விடிய விடிய அழுதன் உம்மா" என்றாள். ஏனென்று கேட்டேன். "சும்மா, இருட்டுத்தான்" என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

அதிமதுரமும் ஒரு தாதியும்

கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் போகும் கிளினிக்கை அங்கே 'நெஉவோலா' என்கிறார்கள். ஆலோசனை சொல்லும் இடம் என்பது பொருள். 1920களில் ஆர்வோ யுல்ப்போ என்ற குழந்தை வைத்தியரின் முயற்சியோடு வளர்ந்த ஏற்பாடு இது. 1944இல் ஒவ்வொரு உள்ளூராட்சியும் இதை நடத்த வேண்டும் என்று சட்டமாக்கினார்கள். கட்டணம் எதுவும் கிடையாது.

இதைக் கேட்டதும் எனக்கு நமது மிட்வைஃப் மிஸ்மார் நினைவுக்கு வந்தார்கள். நமது நாட்டிலும் 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. இன்றும் வெயிலிலும் மழையிலும் வீடு வீடாக வந்து, அட்டையைப் பார்த்து, திரிபோஷா சாப்பிட்டீர்களா என்று விசாரிப்பவர்கள் நம்மவர்கள். இருப்பதன் அருமை தூரத்தில் போனால்தான் தெரிகிறது.

நான் ஊரிலிருந்து கொண்டுபோன பொதியில் பிள்ளைப்பேற்றுச் சரக்கோடு அதிமதுரமும் இருந்தது. மகளுக்கு இருமல் வந்தால் அவித்துக் கொடுக்கலாம் என்று எடுத்தது. கிளினிக்கில் தாதியிடம் மகள் அதைச் சொல்லிவிட்டாள். தாதி உடனே தலையை ஆட்டினாள். அந்நாட்டில் அதிமதுர மிட்டாய் என்றால் பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் உயிர். ஆனால் கர்ப்பிணிகள் உண்ணத் தகாதவை என்று அவர்கள் கொடுக்கும் பட்டியலில் அதிமதுரமும் இருக்கிறது. அதிலுள்ள ஒரு சத்து அதிகமானால் இரத்த அழுத்தத்தைக் கூட்டும், பிள்ளைக்கும் நல்லதல்ல என்று விளக்கினாள். என் உம்மா காலத்திலிருந்து கைமருந்தாக வைத்திருந்த பொருள். முதலில் மனம் சுருங்கிப் போனது. பிறகு யோசித்தேன். கைமருந்தென்றாலும் கர்ப்பிணிக்குக் கொடுக்குமுன் கேட்டுக் கொடுப்பதில் நமக்கென்ன குறைந்துவிடும்?

வெயில் இல்லாத நாடு என்பதால் விட்டமின் டி எல்லாக் கர்ப்பிணிகளும் நாள்தோறும் எடுக்க வேண்டும். பிறந்த பிள்ளைக்கும் இரண்டாம் வாரத்திலிருந்து சொட்டாகக் கொடுக்கிறார்கள். நாம் முற்றத்தில் பாயைப் போட்டுச் சும்மா பெறுவதை அவர்கள் போத்தலில் வாங்குகிறார்கள்.

அட்டைப்பெட்டியில் வந்த தொட்டில்

ஒரு நாள் தபாலில் பெரிய அட்டைப்பெட்டி ஒன்று வந்தது. அரசாங்கம் தாய்மாருக்குக் கொடுக்கும் பெட்டி. குளிருக்கு முழு உடம்பையும் மூடும் உடுப்பு, கம்பளித் தொப்பி, கையுறை, உள்ளாடைகள், துவாய், குளிப்பாட்டும் நீரின் சூடு பார்க்கும் கருவி, ஒரு படப் புத்தகம், அடியில் மெத்தை. பொருட்களை எடுத்துவிட்டால் பெட்டியே பிள்ளையின் முதல் படுக்கை.

1938இல் ஏழைத் தாய்மாருக்காகத் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் அந்நாட்டில் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் அறுபதுக்கு மேல் ஒரு வயதுக்குள் இறந்தனவாம். 1949 முதல் ஏழை, பணக்காரர் என்று பாராமல் எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். ஒரு நிபந்தனை, நாலாம் மாதம் முடியுமுன் தாய் வைத்தியரிடமோ கிளினிக்கிலோ போய்க் காட்டியிருக்க வேண்டும். பெட்டியை ஆசைகாட்டித் தாயைக் கிளினிக்குக்கு வரவைத்த கெட்டித்தனம் அது. இப்போது அங்கே சிசு மரணம் ஆயிரத்துக்கு இரண்டளவில்தான். பெட்டியால் மட்டும் வந்ததல்ல. கிளினிக்கும் சாப்பாடும் மருந்தும் சேர்ந்து செய்த வேலை.

கோப்பி மேசையில் கேட்ட செய்தி

வாரத்தில் ஒரு காலை, கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரரும் ஒன்றுகூடும் இடத்துக்கு மகள் என்னையும் அழைத்துப் போனாள். 'குடும்பக் கோப்பிக்கடை' என்று பெயர். 1920இல் தொடங்கிய மன்னர்ஹெய்ம் சிறுவர் நலச் சங்கத்தின் கிளைகள் நாடு முழுவதும் இப்படியான கூட்டங்களை நடத்துகின்றன. உள்ளே போனதும் ஏலக்காய் வாசம்! அவர்களுடைய இனிப்புப் பணிசில் ஏலம் போடுகிறார்கள். அந்த வாசத்தில் எனக்குப் பெருநாள் காலை ஞாபகம் வந்து கண் கலங்கியது.

பின்லாந்துப் பெண்கள், சோமாலிப் பெண்கள், குர்திஷ் பெண் ஒருத்தி, நாங்கள் இருவர். பேச்சோ உலகம் முழுவதும் ஒன்றுதான். ஒருத்திக்கு நெஞ்செரிச்சல். ஒருத்திக்குக் கால் வீக்கம், குளிர் சப்பாத்துக்குள் கால் போகவில்லை. இன்னொருத்தியின் மூத்த பிள்ளைக்குத் தடிமன் மாறாமல் வருகிறது, அவளும் இரவில் உறங்கவில்லை. வயதான பின்லாந்து மூதாட்டி ஒருவர், தான் சவுனாவில், அதாவது அவர்களுடைய வேது குளிக்கும் அறையில், பிறந்தவர் என்றார். முன்பெல்லாம் கிராமங்களில் சூடும் சுத்தமும் சுடுதண்ணீரும் உள்ள இடம் அதுதானாம். நமது பேற்றறையும் வேதுக் குளிப்பும் அவரிடம் சொன்னபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கோட் கொடுத்த சோமாலி ராத்தா என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். எனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் பேசினோம். "உங்கள் மகள் தைரியசாலி. போன வருடம் நவம்பரில் அவளுக்குக் கரு கலைந்தபோது இந்த மேசையில்தான் எங்களோடு இருந்து அழுதாள்" என்றார்.

கையிலிருந்த கோப்பைச் சூடு கூட எனக்கு உறைக்கவில்லை. எனக்குத் தெரியாதே!

திரும்பி வரும் வழியில் நான் வாய் திறக்கவில்லை. வழுக்கும் பாதையில் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி நடந்தோம். வீட்டுப் படியில்தான் கேட்டேன், "ஏன் மகள் எனக்குச் சொல்லல்ல?"

"நாலாம் மாசம் உம்மா. உங்களுக்கு எப்பிடிச் சொல்ற? அந்த வருஷம் அங்க நீங்க காஸுக்கும் மருந்துக்கும் பட்ட பாடு காணாதா? வாப்பாவும் ஆஸ்பத்திரியில. நீங்க பிரஷர்காரி. கேட்டா நித்திரை கொள்ள மாட்டீங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. நான் எத்தனை தடவை தொலைபேசியில் "அங்க உனக்கென்ன குறை மகள், நாங்க இங்க படுற பாடு" என்று சொல்லியிருக்கிறேன்! அவள் துக்கத்தைச் சொல்ல வந்த வாசலை என் வாயாலேயே சாத்தியிருக்கிறேன். அன்று இரவு அவள் பக்கத்தில் படுத்து, சின்ன வயதில் போல் தலையைத் தடவினேன். விடியும் வரை பேசினாள். அந்த நாட்டில் விடிய நிறைய நேரம் இருந்தது.

பல்கனியில் ஒரு நித்திரை

ஜனவரி முதல் வாரம் கடும் குளிர். வடக்கே லாப்லாந்தில் பூச்சியத்துக்குக் கீழே நாற்பத்து நாலு பாகை வரை இறங்கியது. 14ஆம் திகதி சுகப் பிரசவம், அல்ஹம்துலில்லாஹ், பெண் பிள்ளை. மருமகன் பேற்றறைக்குள்ளேயே கூட இருந்தார். 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தாய்க்கும் தகப்பனுக்கும் தலைக்கு 160 நாட்கள் கொடுப்பனவோடு விடுமுறை. ஆண் பிள்ளை பராமரிப்பதா என்று முதலில் முகம் சுளித்தவள்தான் நான். இரவு இரண்டு மணிக்குப் பிள்ளையைத் தோளில் போட்டு அவர் ஸலவாத்து ஓதி உலாவியதைப் பார்த்த பின் வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் இருவருக்கும் வந்த ஒரே சண்டை பல்கனியைப் பற்றியது. அங்கே இரண்டு வாரம் கடந்த பிள்ளையைத் தள்ளுவண்டியில் சுற்றிக் கட்டி வெளியில் நித்திரையாக்குகிறார்கள். பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகை வரை பயமில்லை என்பது தாதியின் சொல். "நாற்பது ஆகாத பிள்ளைய வாசலுக்கே எடுக்க மாட்டம், நீ பனியில போடப் போறியா?" என்று நான் கத்தினேன். மகள் அழுதாள். கடைசியில் குளிர் தணிந்த ஒரு நாள் ஒத்துக்கொண்டேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் தஸ்பீஹோடு நின்றேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போய்க் கழுத்தடியில் விரல் வைத்துப் பார்த்தேன். இளஞ்சூடாகவே இருந்தது. பேத்தி இரண்டரை மணி நேரம் தூங்கினாள். வந்த நாளிலிருந்து மகளும் அன்றுதான் அவ்வளவு நேரம் தூங்கினாள்.

என் காயமும் பத்தியக் கறியும் வீண் போகவில்லை. கோப்பிக்கடைப் பெண்கள் வந்து மிளகு ரசம் குடித்துக் கண்ணீர் விட்டார்கள்.

பெப்ரவரி 17. பேத்திக்கு முப்பத்தைந்தாம் நாள். நாற்பதுக்கு ஐந்து நாள் குறை. நான் பெட்டி கட்டும்போது சோமாலி ராத்தா வந்தார். அவர்களிடமும் நாற்பது நாள் வழக்கம் உண்டு. "ஐந்து நாளையும் நாங்கள் பங்கு போட்டுவிட்டோம். சாப்பாடு ஒருவர், குளிப்பாட்டுவது ஒருவர். நாற்பதை இங்கேயே முடிப்போம்" என்றார். மகள் அந்தப் பெரிய கோட்டை மடித்து அவரிடம் கொடுத்தாள். புதிதாக வந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு நாலாம் மாதமாம்.

சகோதரிகளே, தூர தேசத்தில் மகளோ மருமகளோ இருக்கும் வீடு இன்று நம்மிடையே எத்தனையோ! அவர்களிடமிருந்து தொலைபேசி வந்தால் நம் கஷ்டத்தைச் சொல்லுமுன் ஒரு நிமிடம் பொறுங்கள். "நீ எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை சும்மா இருங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். சில நாட்களில் அவள் ஒன்றும் சொல்வதில்லை. பேத்தியின் மூச்சு மட்டும் கேட்கும். அதையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.