கையும் கர்சரும்

2012இல் தம்பிக்குப் பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினியில் விண்டோஸும் இருந்தது, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதே மௌஸ், அதே கை. ஒன்றில் கர்சர் நினைத்த இடத்தில் நின்றது. மற்றதில் தாண்டி ஓடியது. குறை என் கையில்தான் என்று நெடுநாள் நம்பினேன்.

மௌஸ் அனுப்புவது வெறும் எண்ணிக்கைதான். அது திரையில் எத்தனை புள்ளியாகும் என்று தீர்மானிப்பது இயங்குதளம். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி முதல் ஒரு தெரிவு உண்டு: கை வேகமானால் கர்சர் இன்னும் அதிகமாகப் பாயும். வேகத்துக்கு வட்டி. லினக்ஸின் வட்டிக் கணக்கு வேறு. இரண்டிலும் அதை நிறுத்திவிட்டு, வேகத்தை ஒப்பிட்டுச் சரிசெய்தால் ஏறக்குறைய ஒன்றாகின்றன.

காரமடைத் தேரில் வடம் பிடிப்பவர்கள் வேறு, கட்டை போடுபவர்கள் வேறு. தேர் திரும்புவது கட்டையால்.

நண்பர் ஒருவரின் கவிதைத் தொகுப்பை ஒரே இரவில் படித்து, 'வெறுமை' என்று மதிப்புரை எழுதியிருந்தேன். அவர் பிறகு எழுதவில்லை. போன மாதம் நிதானமாகத் திரும்பப் படித்தேன். கவிதைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. தாண்டிப் போனது நான். இதை அவருக்கு இன்னும் எழுதவில்லை.