எந்தத் தண்ணீர்?

மட்டாஞ்சேரியில் காலநிலை மாற்றம் பற்றிப் பேசப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: உங்கள் வீட்டுக்குள் வருவது மழைத் தண்ணீரா, சாக்கடைத் தண்ணீரா, கடல் தண்ணீரா? பல நாள் மூன்றும் கலந்தே வரும். அதைப் பிரித்துக் காட்டுவதுதான் மேற்குக் கொச்சியில் தமிழிலும் மலையாளத்திலும் கூட்டம் நடத்தும் என் வேலையில் பெரும்பகுதி.

கடல் தண்ணீருக்குத் தனி அடையாளம் உண்டு. மழையே இல்லாத டிசம்பர், ஜனவரியிலும் வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏறும், சில மணி நேரத்தில் வடியும். வடிந்தபின் சுவரில் உப்பு பூக்கும், பூச்சு உதிரும். ஊரில் இதற்கு வேலியேற்றம் என்று பெயர். கல்வத்தி வாய்க்கால் பக்கத்து அக்கா ஒருவர் சொன்னார்: “மழைன்னா வானத்தப் பாத்துப் பொருள எடுத்து வெச்சுருவோம் தம்பி. இது வெயில் அடிக்கறப்பவே கக்கூஸ் வழியா ஏறுது.”

1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. எண்ணாகச் சொன்னால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அதனால் கையை விரித்து ஒரு சாண் காட்டுகிறேன். கொச்சியில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசமே சுமார் 1 மீட்டர்தான். அதன் உச்சியில் ஒரு சாண் கூடினால் என்ன ஆகும் என்பதை அவரவர் வாசற்படியைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள்.

ஆனால் எல்லாப் பழியையும் கடல் மேல் போடக் கூடாது. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். வாய்க்கால்கள் தூர்ந்திருக்கின்றன, குப்பை அடைத்திருக்கிறது, 2018 கேரள வெள்ளம் காயலில் வண்டல் கொண்டுவந்து கொட்டியது. காலநிலை மாற்றம் என்று மட்டும் சொன்னால் தூர்வார வேண்டியவர்கள் தப்பித்துவிடுவார்கள். வாய்க்காலை மட்டும் சொன்னால், தூர்வாரினால் தீர்ந்தது என்று சனங்கள் நம்பி ஏமாறுவார்கள். இந்த வருடம் மனு கொடுத்து வாங்கக்கூடியது எது, உலகமே புகையைக் குறைத்தால்தான் நடக்கக்கூடியது எது என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்லியாக வேண்டும்.

வறுமை என்ற சொல்லைக் கூட்டத்தில் நான் எடுப்பதில்லை, போன கூலியைக் கணக்குப் போடச் சொல்கிறேன். ஒரே தண்ணீர்தான் தெரு முழுக்க ஏறுகிறது. சொந்த வீட்டுக்காரர் தரையை உயர்த்திக் கட்டுகிறார், வாடகைக்கு இருப்பவர் கட்டில் காலுக்குச் செங்கல் வைக்கிறார். கிட்டங்கியில் மூட்டை தூக்குபவர் வீட்டில் தண்ணீர் இறைக்க நின்றால் அன்றைய கூலி கிடையாது. பக்கத்தில் ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற பகுதியில் உள்ள தோபி கானா என்ற சலவைக்கூடத்தில் தமிழ் வண்ணார் குடும்பங்கள் கிளிப் இல்லாமல், முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணியைச் செருகிக் காயவைக்கிறார்கள். பருவம் தவறி மழை பெய்தால் துணி காயாது, கைக்குப் பணமும் வராது.

எறணாகுளம் மாவட்டக் கரையோரக் கிராமங்களில் பெண்கள் தண்ணீர் ஏறிய நாட்களைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறார்கள். நானும் அதையே கேட்கிறேன்: தேதி, நேரம், முழங்கால் வரையா கணுக்கால் வரையா, அன்று யார் வேலைக்குப் போகவில்லை. வார்டு கவுன்சிலர் முன் அந்தத் தாளை வைத்தால் பேச்சின் போக்கே வேறாகிறது.

இளைஞர்கள் அதைத் தாண்டியும் கேட்கிறார்கள்: எங்கள் பிள்ளைகள் இங்கே இருக்க முடியுமா? ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் கணிப்பை மறைக்காமல் சொல்கிறேன். 2100க்குள் உலகக் கடல்மட்டம், உமிழ்வு மிகக் குறைந்தால் 28 முதல் 55 சென்டிமீட்டர், மிக அதிகமானால் 63 முதல் 101 சென்டிமீட்டர் உயரலாம். அதன்பின் கூட்டம் நீள்கிறது. அடித்தளம் எவ்வளவு உயரம், அதற்கு யார் பணம் தருவது, வாடகைக்காரருக்கு என்ன வழி என்று கேள்விகள் வருகின்றன.