வரலாம், வரலாம், ஹோல்டான்!

பாலைவனம் என்றால் வெயில் என்றுதான் நான் படித்த பூகோளப் புத்தகம் சொன்னது. ஜனவரி மாதத்துப் பாலைவனத்தில் பல் கிட்டிக்கும் என்று அதில் ஒரு வரி சேர்த்திருந்தால், இரண்டு ஸ்வெட்டர் கூடுதலாகக் கொண்டு வந்திருப்பேன்.

2023, பொங்கல் கழிந்த வாரம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸிலிருந்து மேற்கே சுமார் 200 கிலோமீட்டர் ஓடி, குவார்ட்ஸைட் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தோம். ஓட்டியவன் என் அண்ணன் மகன். பக்கத்தில் அவன் மனைவி. பின் சீட்டில் நான், மடியில் ஆவக்காய் பாட்டில். எங்களுக்குப் பின்னால், இருபத்திரண்டு அடி நீளத்தில் ஒரு வீடு.

வீடு என்றால் வீடேதான். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், குளியலறை, கக்கூஸ் எல்லாம் ஒரு பெட்டிக்குள். பெட்டிக்குக் கீழே நாலு சக்கரம். இவற்றைப் பொதுவாக ஆர்.வி. என்கிறார்கள். பஸ் மாதிரி தானே ஓடுவது ஒரு ரகம். எங்களுடையதைப் போல வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் டிரெய்லர் இன்னொரு ரகம். பிள்ளைகள் அதைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. “இவ்வளவு பெரிய சாமானை இழுக்கத் தனி லைசென்ஸ் வேண்டாமாடா?” என்று கேட்டேன். “கார் லைசென்ஸே போதும், சித்தப்பா” என்றான். எனக்கு அடிவயிறு கலங்கியது. நல்லவேளை, போய்க்கொண்டிருந்ததே ஒரு டீச்சரிடம்.

ஊருக்குள் நுழைந்ததும் வாயைப் பிளந்தேன். குவார்ட்ஸைட்டில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். குளிர்காலம் வந்தால், பனி கொட்டும் வட மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஆயிரமாயிரமாக வந்து இறங்குகிறார்கள். அவர்களுக்குப் பேரே பனிப்பறவைகள். எனக்கு எங்கள் தாம்பரத்தைத் தாண்டிப் போனால் வரும் வேடந்தாங்கல் ஞாபகம் வந்தது. அங்கே வரும் நாரைகளாவது மரத்தில் கூடு கட்டும். இந்தப் பறவைகள் கூட்டையே இழுத்துக்கொண்டு வருகின்றன!

ஊர் மயானத்தில் ஒரு கல் பிரமிடு. உச்சியில் ஒட்டகம். அரிசோனாவில் ஒட்டகமா என்று இறங்கிப் பார்த்தேன். ஹாஜி அலி என்பவரின் சமாதி. பாலைவனத்தில் சுமை தூக்க ஒட்டகம் சரிப்படுமா என்று சோதிக்க அமெரிக்க ராணுவம் ஒட்டகங்களைக் கப்பலில் இறக்கியபோது, அவற்றை மேய்த்துப் பழக்க 1856-இல் கூட வந்தவர். அவர் பெயர் சிப்பாய்களின் வாயில் நுழையாமல் ‘ஹை ஜாலி’ ஆகிவிட்டது. 1902-இல் இங்கேயே காலமானார். பாலைவனத்தில் மூட்டைமுடிச்சோடு எப்படிப் பிழைப்பது என்று வெள்ளைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கக் கிழக்கேயிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

நாங்கள் தங்கியது ஊருக்குத் தெற்கே, லா போசா என்ற அரசாங்க நிலத்தில். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதம் தங்க அப்போது 180 டாலர். இரண்டு வாரம் என்றால் 40. ஏழு மாத வாடகையா இது என்று மலைக்கும் முன் சுற்றிப் பார்த்தேன். கரண்ட் கிடையாது. குழாய் கிடையாது. கோடு போட்ட மனைகூடக் கிடையாது. கூழாங்கல் தரை, முள், எண்ணெய் வாசனை வீசும் கிரியோசோட் புதர், அடிவானம்.

டீச்சர் அங்கே மடக்கு நாற்காலியில் காத்திருந்தார். அறுபத்தொன்பது வயது. நரைத்த பின்னல், ஆரஞ்சுத் தொப்பி, இடுப்பில் டார்ச். முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். கணவர் எலெக்ட்ரீஷியன். ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுவிட்டார்கள். பதினோரு வருடமாகச் சக்கரத்தின் மேல் குடித்தனம். கோடையில் மலைப்பக்கம், குளிருக்கு இங்கே. போகிற ஊரிலெல்லாம், ஆர்.வி. வாங்கிவிட்டு முழிக்கிறவர்களுக்குப் பாடம். “விற்கிறவர்கள் ஒரு மணி நேரத்தில் எல்லாப் பொத்தானையும் காட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். அன்று ராத்திரியே எல்லாம் மறந்துபோகும். அங்கேதான் எங்கள் வேலை ஆரம்பம்” என்றார்.

தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். என் நாக்கு மடங்கவில்லை. டீச்சர் என்றே கூப்பிட்டேன்.

முதல் பாடம், ரிவர்ஸ். முன்னால் இருக்கும் வண்டியை இடது பக்கம் ஒடித்தால் பின்னால் இருக்கும் வீடு வலது பக்கம் போகிறது. மருமகள் பின்னால் நின்று கை காட்ட, மகன் அவளைக் கண்ணாடியில் தேட, ஐந்தாவது நிமிடம் குரல் உயர்ந்தது. பத்தாவது நிமிடம் பேச்சு அவர்கள் கல்யாணச் செலவு வரை போய்விட்டது. டீச்சர் அசரவில்லை. எந்தத் தம்பதியும் இதற்கு விலக்கில்லையாம். ‘வண்டி நிறுத்தும்போது சொன்னதற்கெல்லாம் மன்னிக்கவும்’ என்று எழுதிய பலகையைக் கடையில் விற்கவே செய்கிறார்கள். மறுநாள் நானே பார்த்தேன்.

“ஸ்டீயரிங்கைக் கடிகாரமாக நினைத்துக்கொள். ஆறு மணி இருக்கும் இடத்தில், அடியில் பிடி. வீட்டின் பின்பக்கம் எந்தப் பக்கம் போகவேண்டுமோ, அந்தப் பக்கம் கையை நகர்த்து. கை காட்டுகிறவர் கண்ணாடியில் மறைந்தால் உடனே நிறுத்து. சந்தேகமா? இறங்கிப் போய்ப் பார். இறங்கிப் பார்ப்பதற்கு யாரும் அபராதம் போடுவதில்லை.”

அவ்வளவுதான் சூத்திரம். ஆனாலும் மருமகளின் கை நடுங்கியது. சும்மா நின்றிருந்த எனக்குள் ஒரு லாரி கிளீனர் விழித்துக்கொண்டான். “நீ நகரும்மா” என்று முன்னால் போய், வீட்டின் பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டி, தொண்டையைத் திறந்தேன். “வரலாம், வரலாம்... லெஃப்ட்ல ஒடி... வரலாம், வரலாம்... ஹோல்டான்!” புதருக்கு ஒரு சாண் முன்னால் வீடு நின்றது.

டீச்சர் கைதட்டினார். என்ன மொழி என்று கேட்டார். தமிழ் என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. அவர் “ஹோல்டான்... ஹோல்டான்...” என்று வாய்க்குள் உருட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாக, “இது எங்கள் சொல் இல்லையோ?” என்றார். ஹோல்ட், ஆன்! பல்லவன் பஸ் கண்டக்டர்கள் வாயிலிருந்து பொறுக்கி, இத்தனை வருடமாகத் தமிழ் என்றே நம்பி வைத்திருந்த சொத்து, பாலைவனத்தில் கைமாறிப் போனது.

அடுத்தது மட்டம். டீச்சரின் கணவர் பையிலிருந்து எடுத்ததைப் பார்த்ததும் கும்பிடத் தோன்றியது. ரசமட்டம்! எங்கள் கொத்தனார் கையில் இருந்த அதே குமிழி. தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்து ஏற்றினோம். படுத்தால் தலை சாயக்கூடாது என்பதற்காக என்று நினைத்தேன். விஷயம் ஃபிரிட்ஜில் இருந்தது. அது கேஸ் சுடரில் ஓடுகிறது. சூட்டில் அமோனியா ஆவியாகி, குளிர்ந்து, தன் கனத்தாலேயே குழாயில் வழிந்து இறங்கவேண்டும். வீடு சாய்ந்தால் வழியில் தேங்கிவிடும், ஃபிரிட்ஜ் பாழ். நெருப்பை மூட்டித் தயிரைக் குளிரவைக்கிறார்கள் என்று ஊரில் சொன்னால் என்னை யார் நம்புவார்கள்? மட்டம் பார்த்ததும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. “கட்டை கொடுக்காமல் டிரெய்லரைக் கழற்றாதே” என்பதை மட்டும் டீச்சர் நான்கு முறை சொன்னார்.

தண்ணீர்ப் பாடத்தில் எனக்குத்தான் முதல் மார்க். தொட்டியில் சுமார் 150 லிட்டர்; மூன்று பேர், நான்கு நாள். உடம்பை நனை, குழாயை மூடு, சோப்புப் போடு, திற, அலசு என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தார். நான் ஒரு வாளியும் சொம்பும் கேட்டேன். 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டபோது, லாரித் தண்ணீரைக் குடத்தில் எண்ணிப் பிடித்தவன் நான். அரை வாளியில் தலையோடு குளித்துவிட்டு வந்தேன். டீச்சரின் கணவர் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு எனக்குக் கை கொடுத்தார்.

சாயங்காலம் ரசம் வைத்தேன். நெய்யில் கடுகும் மிளகாயும் வெடித்த கணத்தில் கூரையில் இருந்த வட்டச் சாமான் வீல் என்று அலறியது. புகை மணி! தும்மிக்கொண்டே கதவைத் திறந்தால், பக்கத்து வண்டிப் பெரியவர் தீயணைப்பானோடு நிற்கிறார். ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை ஜெனரேட்டர் ஓடக்கூடாது. அது அடங்கியதும் வந்த நிசப்தத்தில் என் காதுக்குள்ளேயே ஏதோ இரைந்தது. தலைக்கு மேலே திருவாதிரை செக்கச்சிவந்து நின்றது. எங்கள் மொட்டைமாடியில் அதைத் தேடிக் கண்டுபிடிக்கவேண்டும். இங்கே கையை நீட்டினால் சுடும்போல இருந்தது. தூரத்தில் குழந்தைகள் கூட்டமாக அழுகிறார்களே என்று பதறினேன். கயோட்டி என்றான் மகன். நம் ஊர் நரிக்கு உறவு.

விடிகாலையில் குளிர் எலும்பைக் கடித்து எழுப்பியது. ஹீட்டர் செத்துக் கிடந்தது. விளக்கும் எரியவில்லை. யாருடைய வேலை? என்னுடையதுதான். ராத்திரி நைஸாக எழுந்து ஹீட்டரைக் கூட்டி வைத்துவிட்டுப் படுத்திருந்தேன். “சூட்டைக் கேஸ் கொடுக்கும். அந்தச் சூட்டை ஊதும் விசிறிக்கு பேட்டரி வேண்டுமே” என்று சிரித்தார் டீச்சரின் கணவர். வெயில் ஏறி, கூரையில் இருந்த சோலார் பலகை விழித்துக்கொள்ளும் வரை நான் கம்பளிக்குள் ஒரு மூட்டை. “நல்லது. உங்கள் பேட்டரி எவ்வளவு தாங்கும் என்று இப்போது தெரிந்துவிட்டது. தெரியாதவர்கள்தான் ராத்திரி முழுக்க பயந்துகொண்டு படுத்திருப்பார்கள்” என்றார் டீச்சர்.

நான்காம் நாள் காலை, நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பாடம். வீட்டுக்கு அடியில் இரண்டு கழிவுத் தொட்டிகள். குளித்த, பாத்திரம் கழுவிய நீர் சாம்பல் தண்ணீர். கக்கூஸ் நீர் கறுப்புத் தண்ணீர். கொட்டும் இடத்தில் முதலில் கறுப்பைத் திறக்கவேண்டும், பிறகு சாம்பலை. பின்னால் வருவது குழாயைக் கழுவிவிடும். கொட்டும் நாள் வரை கறுப்பின் கைப்பிடி மூடியே இருக்கவேண்டும். திறந்தே வைத்தால் தண்ணீர் மட்டும் ஓடி, மற்றது உள்ளே கோபுரமாகக் குவிந்துவிடும். “இந்த ஊருக்கு ஒரு பிரமிடு போதும்” என்றார் டீச்சரின் கணவர்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு பல் டாக்டர், ஓய்வு பெற்றவர். கையுறை மாட்டி, குழாயைப் பூட்டி, தன் வீட்டுக் கழிவைத் தானே கொட்டினார். நாளைய வானிலையைப் பற்றி எங்களிடம் பேசிக்கொண்டே.

ஊரில் எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை இல்லை. செப்டிக் டேங்க் நிறைந்தால் லாரி வரும். சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சாத்துவோம். மூடியைத் திறப்பவர் யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுத்து 2013-இல் சட்டம் வந்தது. அதற்கப்புறமும் தொட்டிக்குள் மூச்சுமுட்டிச் செத்தவர்களைப் பற்றிப் பேப்பரில் படித்துவிட்டு, அடுத்த பக்கம் திருப்பியிருக்கிறேன்.

“நீங்க தள்ளி நில்லுங்க சித்தப்பா, நான் பாத்துக்கறேன்” என்றான் மகன். டீச்சர் ஒரு ஜோடி கையுறையை என்னிடமே நீட்டினார். “நாலு நாளாக இவரும்தானே உள்ளே போனார்?”

போட்டுக்கொண்டேன். கைப்பிடியை இழுத்தேன். குழாய் ஒரு முறை துள்ளியது. ஐந்து நிமிடம், அவ்வளவுதான். அறுபத்து மூன்று வயதில், என் வீட்டுக் கழிவு எங்கே போகிறது என்று முதல் முறையாக நின்று பார்த்தேன். ஊர் திரும்பிய பிறகு ஒருநாள் லாரி வந்தது. ஜன்னலைச் சாத்தாமல் வாசலுக்குப் போனேன். அப்புறம் என்ன செய்வதென்று தெரியவில்லை. பேரைக் கேட்டேன். டீ வாங்கி வந்தேன்.

கிளம்பும்போது மகன் கட்டைகளை எடுத்தான். மருமகள் சுற்றி நடந்து ஒவ்வொரு பூட்டையும் தொட்டுப் பார்த்தாள். ஒருவர் குரலும் உயரவில்லை. கண்டக்டர் பாஷையில் மிச்சம் இருந்ததையும் டீச்சருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் ஏறினேன். அவர் ஜன்னலருகே வந்தார். “ரைட் எங்களுடையது, தெரியும். போலாம்?”

“அது எங்களுடையது, டீச்சர்.”

அவர் பின்னால் போய், வீட்டின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டிய தொண்டை பாலைவனம் முழுக்கக் கேட்டது.

“போலாம், ரைட்!”