பசை மணக்கும் நூலகம்

பிட்ஸ்பர்க் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் சாலை, ஃபோர்ட் பிட் சுரங்கப்பாதைக்குள் நுழைகிறவரை எல்லா அமெரிக்கச் சாலைகளையும் போலத்தான் இருக்கிறது. சுரங்கத்தின் மறுவாயைக் கடந்ததும் ஆறுகள், மஞ்சள் பாலங்கள், உயர்ந்த கட்டடங்கள் எல்லாம் ஒரே நொடியில் கண்முன் வந்து நிற்கின்றன. அலெகெனியும் மொனொங்காஹீலாவும் கூடி ஒஹையோ ஆறாகிற இடம் அது. எஃகு உருக்கிப் பேர் வாங்கிய ஊர். நம்மவர்களுக்குப் பென் ஹில்ஸ் வேங்கடாசலபதி கோயில் இருக்கிற ஊர். கோயிலுக்குப் போனேன், சேவித்தேன். ஆனால் என் மனத்தில் தங்கிப்போனது ஒரு தொடக்கப்பள்ளி நூலகம்.

அக்கா மகள் அங்கே குடியிருக்கிறாள். அவளுடைய பெண் மூன்றாம் வகுப்பு. மகள் படிக்கிற பள்ளி நூலகத்தில் வாரம் ஒருநாள் இவள் தன்னார்வலராக உதவி செய்கிறாள். “மாமா, மியூசியமெல்லாம் ஓடிப்போயிடாது. எங்க ஸ்கூல் லைப்ரரிய ஒருதடவை வந்து பாருங்க” என்றாள். முன்கூட்டி அனுமதி வாங்கினாள். வாசலில் அடையாள அட்டையைக் காட்டி, பெயர் எழுதிய ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டிக்கொண்ட பிறகே உள்ளே விட்டார்கள்.

கதவைத் திறந்ததும் பசை மணம். புத்தக அலமாரிகள் குழந்தைகள் உயரத்துக்குத்தான் இருந்தன. ஒரு பக்கம் கம்பளம் விரித்த வாசிப்பு மூலை. மறுபக்கம் நீளமான மேசைகளில் அட்டைப்பெட்டித் துண்டுகள், மாஸ்கிங் டேப் சுருள்கள், முட்டை அட்டைகள், பாட்டில் மூடிகள், நூல்கண்டு, துணித் துண்டுகள். சுவரோரம் வரிசையாகப் பிளாஸ்டிக் டப்பாக்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்படி ஒவ்வொன்றிலும் உள்ளே இருப்பதன் புகைப்படம் ஒட்டியிருந்தது. இதைத்தான் அவர்கள் மேக்கர் ஸ்பேஸ் என்கிறார்கள்.

ஒவ்வொரு வகுப்பும் வாரம் ஒருமுறை நூலகத்துக்கு வருகிறது. பழைய புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து, புதியது எடுத்ததும் கதை நேரம். அன்றைக்கு நூலகர் வாசித்தது ஆஷ்லி ஸ்பைர்ஸின் ‘தி மோஸ்ட் மேக்னிஃபிசன்ட் திங்’. ஒரு சிறுமி எதையோ செய்ய முயல்கிறாள், வரவில்லை, கோபத்தில் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறாள், நாயோடு ஒரு நடை போய்விட்டுத் திரும்பி வந்து மீண்டும் உட்காருகிறாள். கதை முடிந்ததும் பிள்ளைகள் அவரவருக்குப் பிடித்த மேசைக்குப் போனார்கள். ஒரு பையன் எதையும் தொடாமல் கம்பளத்தில் படுத்துப் படித்துக்கொண்டே இருந்தான். யாரும் அவனை எழுப்பவில்லை. அதுவே எனக்குப் பெரிய நம்பிக்கையைக் கொடுத்தது.

என் பக்கத்தில் ஒரு சிறுமி ஆந்தை வாழ்த்து அட்டை செய்துகொண்டிருந்தாள். ஆந்தையின் கண்கள் இரண்டு எல்இடி விளக்குகள், ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். அட்டையின் பின்பக்கம் காப்பர் டேப்பை ஒட்டி, மூன்று வோல்ட் பட்டன் பேட்டரியை வைத்து மின்பாதை போட வேண்டும். முதலில் எந்தக் கண்ணும் எரியவில்லை. நூலகர் வந்தார், பார்த்தார், கையை நீட்டவே இல்லை. “பேட்டரியிலிருந்து கிளம்பிப் போ. எங்கெல்லாம் போறேன்னு விரலால காட்டு” என்றார், அவ்வளவுதான். சிறுமி டேப்பின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஒரு திருப்பத்தில் நின்றாள். அங்கே டேப்பை வெட்டி, இன்னொரு துண்டை அதன்மேல் ஒட்டியிருந்தாள். அடியிலிருக்கிற பசை மின்சாரத்தைச் சரியாக விடுவதில்லை. வெட்டாமல் மடித்துத் திருப்பினால் பாதை அறுபடாது. மடித்து ஒட்டினாள். சிவப்புக் கண் எரிந்தது.

நீலம் எரியவில்லை. விளக்கு கெட்டுப்போயிருக்கும் என்றாள். “கெட்டுப்போச்சுன்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டுவிட்டு நூலகர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். சிறுமி நீல விளக்கை மட்டும் தனியே பேட்டரியில் வைத்தாள், பளிச்சென்று எரிந்தது. சிவப்பைச் சேர்த்ததும் நீலம் அணைந்தது. சிவப்பை எடுத்தால் மறுபடி நீலம். அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். இரண்டு நீலம் வைத்தாள், இரண்டும் எரிந்தன. இரண்டு சிவப்பும் எரிந்தன. கலந்தால் மட்டும் சிவப்பு ஒன்றுதான்.

காரணம் எளிது. சிவப்பு எல்இடி ஏறக்குறைய இரண்டு வோல்ட்டில் எரியத் தொடங்கிவிடும். நீலத்துக்கு மூன்று வோல்ட் அருகே வேண்டும். ஒரே சின்ன பேட்டரியில் இரண்டையும் பக்கம் பக்கமாகக் கோத்தால் சிவப்பு மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு அழுத்தத்தைக் கீழே இறக்கிவிடுகிறது. இதை யாரும் அந்தப் பெண்ணுக்குச் சொல்லவில்லை. மின்சாரப் புத்தகங்கள் இருக்கும் 537ஆம் எண் அலமாரியை மட்டும் நூலகர் கைகாட்டினார். அவள் ஒரு புத்தகத்தை எடுத்து வந்தாள். படம் பார்த்தாள், பக்கம் புரட்டினாள், பிறகு தானே ஒரு முடிவுக்கு வந்து, ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு பேட்டரி கேட்டாள். அதற்குள் நேரமாகிவிட்டது. ஆந்தை, பெயர் எழுதிய ஒரு உறைக்குள் போய் ‘இன்னும் முடியவில்லை’ என்று எழுதிய அலமாரியில் உட்கார்ந்தது.

இந்த அலமாரி இல்லாவிட்டால் இந்த ஏற்பாடு ஒரு மாதம்கூடத் தாங்காது என்றார் நூலகர். வாரம் ஒரு பீரியடில் எந்தக் குழந்தையாலும் எதையும் முடிக்க முடியாது. செய்தது அடுத்த வாரம் அதே நிலையில் கையில் கிடைக்கும் என்று தெரிந்தால்தான் பொறுமையாக யோசிப்பார்கள், இல்லாவிட்டால் அவசர அவசரமாக எதையாவது ஒட்டி வீட்டுக்குத் தூக்கிப்போவார்கள். கடைசி ஐந்து நிமிடம் பெருக்குவதற்கு. தரையைச் சுத்தம் செய்யும் ஊழியருக்குக் கூடுதல் வேலை வைக்கக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி, அதைக் கேட்கவே நன்றாக இருந்தது.

பொருள்கள் வீடுகளிலிருந்து வருகின்றன. கழுவிக் காயவைத்த காலிப் பெட்டிகள், மூடிகள், பழைய துணி. பிரித்துப் பார்க்கும் மேசைக்கு உடைந்த கீபோர்டு, ரேடியோ, பொம்மை. மின்கம்பியை முதலில் வெட்டி எறிந்த பிறகே மேசைக்கு வரும். மைக்ரோவேவ் அடுப்பும் குழாய் வைத்த பழைய டிவியும் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும், அவற்றின் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கலாம். குளூ கன் இருக்கிற மேசையில் பெரியவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். என் அக்கா மகளுக்கு அந்த வேலைதான்.

மூலையில் ஒரு 3டி பிரிண்டரும் இருந்தது. பார்க்க வருகிறவர்கள் முதலில் படம் எடுப்பது அதைத்தானாம். விரலளவு சாவிக்கொத்து ஒன்று அடித்து முடிக்கவே ஒரு மணி நேரம் ஆகலாம். வகுப்பில் 25 பேர் இருந்தால் 25 மணி நேரம். அட்டைப்பெட்டிக்கு அப்படி வரிசை கிடையாது. பணம் கிடைத்தால் கடைசியாக வாங்க வேண்டியது இயந்திரம் என்று அந்த நூலகர் சொன்னதை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன்.

பள்ளி முடிந்ததும் அலெகெனி ஆற்றின் வடகரைக்குப் போனோம். முன்பு அலெகெனி என்று தனி நகரமாக இருந்த பகுதி. ஸ்காட்லாந்திலிருந்து 1848இல் பிழைக்க வந்த ஆண்ட்ரூ கார்னகியின் குடும்பம் இங்கேதான் குடியேறியது. வாரம் 1.20 டாலர் கூலிக்குப் பஞ்சாலையில் வேலை பார்த்த பையன், பிறகு தந்தி அலுவலகத்தில் செய்தி கொண்டுபோகும் பையன். கர்னல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர் தன்னிடமிருந்த 400 புத்தகங்களைச் சனிக்கிழமைகளில் உழைக்கும் சிறுவர்களுக்குத் திறந்துவிட்டார். ஆனால் பின்னால் ஒரு விதி வந்தது. கையால் தொழில் கற்பவர்களுக்குத்தான் இலவசம், தந்திப் பையன்கள் அதில் சேர்த்தியில்லை. கார்னகி பத்திரிகைக்குக் கடிதம் எழுதி வாதாடினார், வழி திறந்தது. அந்தப் பையன்தான் பிற்காலத்தில் உலகெங்கும் 2,500க்கு மேற்பட்ட நூலகங்களுக்குப் பணம் கொடுத்தார். அவருடைய ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் 1892இல் வேலைநிறுத்தம் நடந்து தொழிலாளர்கள் செத்ததும் இதே ஊர்க் கதைதான். பன்னிரண்டு மணி நேரம் உலையில் வெந்தவனுக்கு நூலகப் படி ஏற ஏது தெம்பு? இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆண்டர்சனின் நினைவாக அங்கே ஒரு சின்னம் இருக்கிறது. லிங்கன் நினைவகத்தின் பெரிய சிலையை வடிவமைத்த டேனியல் செஸ்டர் ஃபிரெஞ்ச் வடித்தது. கொல்லுப்பட்டறையில் இரும்பை வைத்து அடிக்கிற அடைகல்லின் மேல் உழைப்பாளி ஒருவன் உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை விரித்துப் படிக்கிறான். வெண்கலத்தில் அவன் கைகளை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அருகிலேயே 1890இல் கார்னகி கட்டிக்கொடுத்த அலெகெனி நூலகம். 2006இல் இடி விழுந்து மூடப்பட்ட அந்தக் கட்டடத்தை பிட்ஸ்பர்க் குழந்தைகள் அருங்காட்சியகம் 2019இல் மியூசியம் லேப் என்ற பெயரில் சற்றே பெரிய பிள்ளைகளுக்கான கைவேலைக் கூடமாகத் திறந்தது. பெயர்ந்த பூச்சையும் பழைய தூண்களையும் மறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அமெரிக்கப் பொது நூலகங்களில் மேக்கர் ஸ்பேஸ் வைத்த முன்னோடிகளில் நியூயார்க் மாநிலத்து ஃபேயட்வில் நூலகம் ஒன்று, 2011இல். பள்ளி நூலகங்களுக்கு அது பரவியது அதன் பிறகுதான்.

இந்தக் கைவேலைக்கு ஏன் நூலகம், தனி ஆய்வகம் வைத்தால் என்ன என்று அந்தப் பள்ளி நூலகரிடம் கேட்டிருந்தேன். “கிளப் வெச்சா பேர் கொடுத்த பிள்ளைங்க வருவாங்க. லேப் வெச்சா மார்க் வந்துடும். லைப்ரரிக்கு எல்லாப் பிள்ளையும் வரும், மார்க் கிடையாது” என்று அவர் சொன்னதாக அக்கா மகள் எனக்கு விளக்கினாள். தந்திப் பையன் வாதாடியதும் இதற்காகத்தானே.

நம் நாட்டில் 2016இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் ஆறாம் வகுப்புக்கு மேல்தான். ஐந்து வயதில் எதையும் பிரித்துப் பார்க்கத் துடிக்கிற கை பதினொரு வயதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கிற உயிர் என்பதைத் தம் ஐந்து விதிகளில் ஒன்றாக 1931இல் வகுத்த சீர்காழி ரங்கநாதன் நம்மவர். தலைமையாசிரியர்களே, தொடக்கப்பள்ளியில் புத்தக அலமாரி இருக்கிற அறையில் ஒரு மேசை போடுங்கள். மளிகைக் கடை அட்டைப்பெட்டி, டேப், கத்தரிக்கோல், முடியாத வேலைகளை வைக்க ஒரு தட்டு, தொடங்க இது போதும். எல்இடி வாங்கினால் பட்டன் பேட்டரியை மட்டும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். சிறு குழந்தை அதை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். ஒன்று குறைந்தாலும் அது கிடைக்கிறவரை யாரும் அறையை விட்டுப் போகக் கூடாது.