வானம் போர்த்திய போர்வை

தாம்பரத்தில் வாழும் நமக்குப் பெருமழை என்றதும் நினைவுக்கு வருவது 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதமே. அம்மாதம் முதல் நாள் காலை தொடங்கி மறுநாள் காலைவரை இங்கு 49 செ.மீ. மழை பதிவாயிற்று. சென்னையில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையில் மூன்றிலொரு பங்கிற்கும் மேலானது அது! அடையாற்றை அடுத்த முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது.

அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் அண்மையில் நம்மிடம் கேட்டார்: "உலகம் சூடாகிறது என்கிறார்களே, சூடு மிகுந்தால் வறட்சியல்லவா வரவேண்டும்? மழை எப்படி மிகும்?"

நல்ல கேள்வி. கதிரவனால் சூடேறும் பூமி, அச்சூட்டைக் கண்ணுக்குப் புலப்படாத கதிர்களாக வெளிவிடுகிறது. காற்றிலுள்ள நீராவியும் கரியமிலவாயுவும் அதில் ஒரு பகுதியைத் தடுத்து நிறுத்துகின்றன. மார்கழிக் குளிரில் போர்வை செய்யும் உதவி போன்றது இது. இப்போர்வை இல்லையேல் உலகின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே 18 டிகிரி அளவில் இருக்கும். உயிர்கள் தழைப்பது அரிது. ஆகவே போர்வை தீங்கன்று. அது தடிப்பதே தீங்கு. ஆலைகள் பெருகுமுன் பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமிலவாயு, நிலக்கரியையும் பெட்ரோலியத்தையும் நாம் எரித்ததால் இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. இவ்வாயு பெருகினால் பூமி சூடேறும் என்பதை ஸ்வீடன் நாட்டு அறிஞர் அரேனியஸ் 1896ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுக் காட்டினார்.

வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கவல்லது. அது நிலத்தின் ஈரத்தை விரைந்து உறிஞ்சும். மழையாகும் வேளையில் மிகுதியாகக் கொட்டும். வறட்சியும் வெள்ளமும் ஒரே வேரினின்று கிளைப்பது இவ்வாறே.

அப்படியாயின் 2015ஆம் ஆண்டு மழைக்கும் இதுவே காரணமா? அவசரப்படலாகாது. அம்மழையை ஆராய்ந்த அறிவியலார், புவி வெப்பத்தின் பங்கை அதில் தெளிவாகக் காண இயலவில்லை என்றே கூறினர். ஒருநாள் மழை வானிலை. பல பத்தாண்டுகளின் போக்கே தட்பவெப்பநிலை. ஒன்றைக்கொண்டு மற்றொன்றை உடனே தீர்ப்பிடுதல் முறையன்று.

இந்த வேறுபாட்டை அறிவது நமக்கு மிகவும் தேவை. எல்லாப் பழியையும் வானத்தின்மீது சுமத்திவிட்டால், ஏரிகளில் மனை பிரித்ததையும், பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் பெரும்பகுதி சுருங்கியதையும் யார் கேட்பது? அதற்காக, தடிக்கும் போர்வையைக் காணாதிருப்பதும் அறிவுடைமையாகாது. வாய்க்காலைக் காப்பது இன்றைய கடமை. புகையைக் குறைப்பது நம் பேரப்பிள்ளைகளுக்கான கடமை. ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தட்டிக்கழிக்க நமக்கு உரிமையில்லை.